பூசணிக்காய்க்கு அடியில் ஒரு புத்தகம்

ஜோயல்,

கடிதம் என்றால் நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும். நான் நலமாகத்தான் இருக்கிறேன். சுகர் மாத்திரை தவறாமல் போடுகிறேன், பட்டாபிராம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறும்போது மட்டும் முழங்கால் முனகுகிறது. மனசுதான் நலமாக இல்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அறுபத்து மூன்று வயதில், பெற்ற பிள்ளைமேல் பொறாமைப்படுகிறேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு எந்த வார்த்தையைப் போட்டாலும் பொய்யாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை நீயும் ஜெனியும் என்னிடம் சொல்லிக்கொள்ள வருகிறீர்கள். திங்கட்கிழமை காலையில் பூந்தமல்லியில் பஸ் ஏறி பெங்களூருக்குக் குடித்தனம் போய்விடுவீர்கள். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். தாஸ் அண்ணன் நாளைக்கு உன் மாமனார் வீட்டுப் பக்கம் போகிறாராம். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் டீக்கடையில் அவர்தான் தன் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "இன்னாபா, உன் புள்ள மைக் புட்சி இன்னாமா பேசறான் பாரு. நீ போவலியா கூட்டத்துக்கு?" என்று கேட்டார். போனேன் என்று சொல்ல முடியாது, போகவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. "முழங்கால் வலிண்ணே" என்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு என் போனில் முழுவதும் பார்த்தேன். அம்பத்தூரில் ஏதோ வாசகர் கூட்டம். நீ அந்த உப்பளக் குறுநாவலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுகிறாய். "இந்தக் கதையில் தனிமை" என்று உன் பின்னால் பேனரில் எழுதியிருக்கிறது. முதல் வரிசையில் ஜெனி உட்கார்ந்திருக்கிறாள், அது சரி. அவள் பக்கத்தில் சம்பந்தி, வெள்ளைச் சட்டையும் மூக்குக்கண்ணாடியுமாக, நீ பேசுகிற ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டுகிறார். கல்யாணம் ஆகி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அதற்குள் நீ பதினோரு நாள் சென்னீர்குப்பத்தில் மாமனார் வீட்டில் தங்கிவிட்டாய். எண்ணிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், எண்ணிவிட்டேன். அவர் வீட்டில் கண்ணாடி அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது, அவரோடு பேச உனக்கு ஆயிரம் இருக்கும். எனக்கு ஒரு போன் பண்ணி, "அப்பா, இந்தத் தேதியில் பேசறேன், வாங்க" என்று சொல்ல உனக்குத் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்பதும் அந்த வீடியோவிலேயே இருக்கிறது. "எனக்கு இந்தக் கதையை வாசித்துக் காட்டியது என் அம்மா. அப்பா ஷிப்டு முடிந்து வந்து தூங்கிவிடுவார். அவருக்குப் புத்தகம் என்றாலே ஆகாது" என்கிறாய். கூட்டம் சிரிக்கிறது, சம்பந்தியும் சிரிக்கிறார். அதற்கப்புறம் இன்னொன்று சொல்கிறாய். சர்ச் ஏலத்தில் அந்தப் புத்தகம் கைவிட்டுப் போனபோது நீங்கள் இருவரும் படிக்க ஒன்பது பக்கம் மிச்சம் இருந்தது, காலேஜில் படிக்கும்போது உனக்கு வேறொரு பிரதி கிடைத்தது, முடிவைச் சொல்ல ஓடி வந்தால், "சொல்லாத, என் புக்கு எனக்குக் கிடைக்கும், நானே படிச்சுக்கறேன்" என்று அம்மா காதைப் பொத்திக்கொண்டாள் என்று. "அம்மா கடைசிவரைக்கும் அந்த ஒன்பது பக்கத்தைப் படிக்காமலேயே போயிட்டாங்க" என்று சொல்லும்போது உன் குரல் உடைகிறது. தண்ணீர் பாட்டிலை எடுக்கிறாய். அந்த இடத்தில் நான் வீடியோவைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். நீ அழுததற்குக் காரணமான ஆள் நான். நீ இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருப்பதும் நடந்ததும் வேறு வேறு. நீ சொன்னதில் மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போது சொன்னால் கை ஓடாது.

அந்தப் புத்தகம் நம் வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஆவடி மார்க்கெட்டில் பழைய பேப்பர் போடப் போன உன் அம்மா, அட்டை போன ஒரு புத்தகத்தோடு திரும்பி வந்தாள். சர்ச் காலண்டர் தாளைக் கிழித்து அதற்கு அட்டை போட்டாள். அப்போது உனக்கு ஒன்பது வயது. நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன், முதல் ஷிப்டு. விடியுமுன் ரயிலேறிப் போய்ச் சாயந்திரம் நாலுக்கு மேல்தான் வீடு திரும்புவேன். நீ ஸ்கூலிலிருந்து வந்ததும் இருவரும் பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொள்வீர்கள். உன் அம்மா சண்டே ஸ்கூல் டீச்சர், கதை சொன்னால் ஆளுக்கு ஒரு குரலில் சொல்லத் தெரியும். தினம் நாலு பக்கம், ஐந்து பக்கம். அதற்கு மேல் படித்தால் கதை சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று அவளே ஒரு சட்டம் வைத்திருந்தாள். அன்றைக்கு நிறுத்திய இடத்தில் குருத்தோலைச் சிலுவையை வைத்து மூடுவாள். குருத்தோலை ஞாயிறு அன்று சர்ச்சில் கொடுக்கிற ஓலையைச் சிலுவையாக மடித்து, அதில் பால்பாயிண்ட் பேனாவால் அந்த வருஷத்தை எழுதி வைப்பாள். அது அவள் பழக்கம், நீயும் பார்த்திருக்கிறாய்.

நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உங்கள் சிரிப்புச் சத்தம் கேட்கும். உள்ளே வந்தால் நின்றுவிடும். "அப்பா வந்துட்டாரு" என்று நீ மெதுவாகச் சொல்வாய். அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "சோறு போடட்டாங்க?" என்று எழுந்து வருவாள். களைத்து வந்த மனிதனுக்கு மரியாதை செய்கிறாள், அவ்வளவுதான். எனக்கு அது அப்படிப் படவில்லை. என் வீட்டில், என் பெண்டாட்டியும் பிள்ளையும் எனக்குத் தெரியாமல் எதையோ தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொள்கிற மாதிரி இருந்தது. ஒரு நாள் கேட்டுவிடலாம் என்று குளித்துவிட்டு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இன்னா நைனா கதை அது? எனக்கும்தான் சொல்லுங்களேன்" என்றேன். நீ மூக்கைச் சுளித்துக்கொண்டு, "அப்பா, உங்க மேல ஆயில் நாத்தம் அடிக்குது" என்று சொல்லிவிட்டு அம்மா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாய். அவள் உன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். இரண்டு தரம் சோப்புப் போட்டாலும் லேத் ஆயில் வாசனை நகக்கண்ணை விட்டுப் போகாது. அதை நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. ஒன்பது வயதுப் பையன் சொன்னதை மனசில் வைத்துக்கொள்கிறவன் எல்லாம் ஒரு அப்பனா என்று நீ கேட்கலாம். வைத்துக்கொண்டேன். இருபது வருஷமாக வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு அடுத்த நாளிலிருந்து சோறு தின்றதும் உள் அறையில் போய்ப் படுத்துக்கொள்வேன். நான் தூங்கிவிடுவேன் என்று கூட்டத்தில் சொன்னாயே, ஒரு நாள்கூட நான் தூங்கியதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணை மூடி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு கிடப்பேன். நான் படுத்த கொஞ்ச நேரத்தில் நீங்கள் மறுபடியும் ஆரம்பிப்பீர்கள். சீலிங் பேன் சத்தத்தில் வார்த்தை ஒன்றும் பிடிபடாது. அவள் குரல் ஏறுவதும் இறங்குவதும் கேட்கும். திடீரென்று நீ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்கும், அவளும் கூடச் சேர்ந்துகொள்வாள். என்னோடு இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. ஒரு மனிதன்மேல் பொறாமைப்பட்டால் அவனோடு சண்டையாவது போடலாம். நூறு பக்கப் பழைய புத்தகத்தோடு என்ன சண்டை போடுவது?

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது, வீட்டுக்கு வீடு காணிக்கை கொண்டுபோய்ச் சர்ச்சில் ஏலம் விடுகிற நாள். காணிக்கைப் பையில் வழக்கம்போல உன் அம்மா தேங்காய், வாழைப்பூ, ஒரு டப்பா முறுக்கு, நடுவில் ஒரு பூசணிக்காய் எல்லாம் எடுத்து வைத்தாள். பையைச் சர்ச்சுக்குத் தூக்கிப் போவது என் வேலை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். நான் பூசணிக்காய்க்கு அடியில் புத்தகத்தை மறைத்தேன். அவள் புடவை கட்டிக்கொண்டிருந்தாள், நீ ஷூவுக்கு லேஸ் கட்டத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தாய். ஒரு நிமிஷ வேலை. யாரோ ஏலத்தில் எடுத்துப் போகட்டும், சனியன் ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். பண்டிகை நாளில் கர்த்தருக்குக் கொடுக்கிற பையில் வைத்தால் திருட்டு, திருட்டு இல்லாமல் போய்விடும் என்றும் ஒரு எண்ணம்.

ஆராதனை முடிந்து பந்தலில் ஏலம் நடந்தது உனக்கும் நினைவிருக்கும், நீ அம்மா பக்கத்தில் இருந்தாய். நம் சர்ச்சில் ஏலம் என்றால் பாதி பக்தி, பாதி வேடிக்கை. ஒரு எலுமிச்சம்பழத்துக்கு மாமனும் மச்சானும் ஏற்றி ஏற்றிக் கேட்பார்கள், கடைசியில் எடுத்தவர் அதைத் திருப்பி ஏலத்துக்கே கொடுத்துவிடுவார். கமிட்டி அண்ணன் ஒருத்தர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தார். "இதோ, யாரோ புக்கு ஒண்ணு குட்த்துகீறாங்க. வேதம் இல்ல, கதப் பொஸ்தகம். படிக்கிறவங்க கேளுங்க" என்று அதைத் தூக்கினார். காலண்டர் தாள் அட்டையைப் பார்த்ததும் பெண்கள் பக்கத்தில் உன் அம்மா எழுந்து நின்றாள். பத்து வருஷக் குடித்தனத்தில் அவள் பத்துப் பேர் நடுவில் கையைத் தூக்கி நான் பார்த்ததில்லை. அன்றைக்குத் தூக்கினாள். முகம் எல்லாம் வெளுத்துப்போய், ஒரு விலை கேட்டாள்.

அந்த நேரத்தில் பேசாமல் இருந்திருந்தால் அவளே எடுத்துக்கொண்டு போயிருப்பாள், என் பாவமும் பாதியாகியிருக்கும். ஆனால் அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு உள்ளே எரிந்தது. எனக்காக அவள் இப்படி ஒரு நாளாவது எழுந்து நின்றிருப்பாளா என்று தோன்றியது. ஆண்கள் பக்கத்திலிருந்து நான் ஏற்றிக் கேட்டேன். பந்தலே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. "அய்யோ, புருசன் பொஞ்சாதி ஏலம்பா இது" என்று கமிட்டி அண்ணனுக்கு ஒரே குஷி. அவள் ஏற்றினாள், நான் ஏற்றினேன். அவள் பர்ஸைத் திறந்து பார்த்துவிட்டு இன்னொரு தரம் ஏற்றினாள். நான் விடவில்லை. ஒரு தரம், இரண்டு தரம் என்று அவர் இழுக்கும்போது அவள் பந்தலின் இந்தப் பக்கம் இருந்த என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிற மாதிரி பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும், "புக்கு எங்கங்க?" என்றாள். "அத்த திருப்பி ஏலத்துக்கே குட்த்துட்டேன். பூந்தமல்லிக்காரர் ஒருத்தர் எட்த்துனு போய்ட்டாரு" என்றேன். "சரிங்க" என்றாள். அவள் நம்பினாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புத்தகம் என் டூல்ஸ் பெட்டியில் இருந்தது. கம்பெனியில் லாக்கருக்குள் வைத்தேன். ஒரு வாரம் தொடவில்லை. அப்புறம் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் எடுத்தேன், நீங்கள் எதற்கு அப்படிச் சிரித்தீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். எட்டாவதோடு நின்றவன், எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரியும், ஆனால் மெதுவாகத்தான் வரும். மற்றவர்கள் கேரம் ஆடுகிற நேரத்தில் நான் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து தினம் இரண்டு பக்கம் படித்தேன். ஜோயல், அந்தக் கதையில் சிரிக்க ஒன்றுமே இல்லை. முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று, சிரிப்பு வருகிற இடம் ஒன்றுகூட வரவில்லை. அப்படியானால் இவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. ரிடையர் ஆவதற்குள் ஏழு தரம் படித்திருக்கிறேன். புத்தகம் என்றாலே ஆகாத அப்பா ஏழு தரம் படித்தார் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லு, சம்பந்தி அதற்கும் தலையாட்டட்டும்.

ஏழு தரம் படித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், உன் பேச்சில் பாதி எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த உப்பளக் காவல்காரனை உலகம் ஒதுக்கி வைத்தது, மழைக்காலம் முழுவதும் ஆள் இல்லாத வெளியில் தள்ளி வைத்தது, தனிமை அவன் தலையில் மற்றவர்கள் கட்டியது என்கிறாய். கதையைச் சரியாகப் பார். வாரம் ஒரு தரம் தண்ணீர் வண்டிக்காரன் வருகிறான். குடிதண்ணீரை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போகிறான். அதே வண்டிக்காரன் அக்கரைக் குடிசையில் இருக்கிற இன்னொரு காவல்காரனிடமும் இதேபோல உட்கார்ந்து சிரித்துப் பேசுகிறான் என்று இவனுக்குத் தெரிகிறது. அன்றையிலிருந்து வண்டிச் சத்தம் கேட்டதும் இவன் குடிசைக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறான். தூங்குகிற மாதிரி கிடக்கிறான். வண்டிக்காரன் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, குடத்தை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறான். இவன் எழுந்து வந்து குடத்தைப் பார்த்து, பார்த்தாயா, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான் என்று நினைத்துக்கொள்கிறான். அந்த இடத்தை முதல் தரம் படித்தபோது எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. என்னை யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதிவிட்டார்கள் என்று இருந்தது. அவனுக்குத் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது, கதவைச் சாத்தியது அவன். நீ எத்தனை மேற்கோள் காட்டினாலும் இந்த இடத்தில் உன்னைவிட எனக்கு அதிகம் தெரியும், ஏனென்றால் நான் அந்தக் கட்டிலில் படுத்திருந்தவன்.

இப்போது உனக்குச் சொல்ல எனக்கு மனசே இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். ரிடையர் ஆனபோது டூல்ஸ் பெட்டியோடு புத்தகமும் வீட்டுக்கு வந்தது. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். நீங்கள் நிறுத்திய பக்கத்தில் இருந்த அந்தப் பழைய குருத்தோலைச் சிலுவையை நான் ஒரு நாளும் அசைத்ததில்லை. அப்புறம் உன் அம்மாவுக்குக் கிட்னி கெட்டுப்போய், கடைசி ஐந்தாறு மாதம் வீட்டோடு கிடந்தாள். நீ சனி, ஞாயிறு வந்து போவாய். மற்ற நாளெல்லாம் நான்தான். சாயந்திரம் நாலு மணி ஆனால் போதும், "போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, தாஸ் அண்ணன் உங்களுக்காகக் காத்துனு இருப்பாரு" என்று என்னைத் துரத்துவாள். வேண்டாம் என்றாலும் விடமாட்டாள். நீ போன் பண்ணுகிற நேரம் அது, உன்னோடு தனியாகப் பேசத்தான் என்னை வெளியே அனுப்புகிறாள் என்று அதற்கும் உன்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டே டீ குடித்தேன்.

அவளை அடக்கம் பண்ணி நாற்பது நாள் கழித்து, வீட்டில் யாரும் இல்லாதபோது பெட்டியை இழுத்துத் திறந்தேன். பழைய சிலுவை அதே பக்கத்தில் இருந்தது, பழுத்துக் காய்ந்து. கடைசிப் பக்கத்தில் இன்னொரு சிலுவை இருந்தது. ஓலையில் பச்சை இன்னும் முழுதாகப் போகவில்லை. அவள் கையெழுத்தில், அவள் கண்மூடிய அந்த வருஷத்தை எழுதியிருந்தாள். கதை முடிகிற இடம் உனக்குத் தெரியும். மழை விட்டும் இந்தக் கரைப் பாதை அறுந்தே கிடந்து வண்டி வராமல் போக, தாகத்தோடு காவல்காரன் வெறும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அக்கரைக் குடிசைக்கு நடக்கிறான். உள்ளே வண்டிக்காரனும் மற்றவனும் பேசுவது கேட்கிறது. "அவன் நல்லாத் தூங்குற ஆளு, பாவம், எழுப்ப மனசு வரல" என்கிறான் வண்டிக்காரன். இவன் கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறான், அதோடு முடிந்தது. தட்டாமல் திரும்பிப் போயிருப்பான், அதுதான் மனிதத் தனிமை என்று கூட்டத்தில் சொன்னாய், கை தட்டினார்கள். அந்தக் கடைசி வரிக்கு அடியில் உன் அம்மா பென்சிலால் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கிறாள். "தட்டியிருப்பான்."

அவள் படித்துவிட்டாள் ஜோயல். ஒன்பது பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் போனாள். சாயந்திரம் என்னை டீக்கடைக்குத் துரத்தியது இதற்குத்தான். நீ அதற்காக இனிமேல் ஒரு சொட்டுக் கண்ணீர் விட வேண்டாம். புத்தகம் என்னிடம் இருந்தது அவளுக்கு எத்தனை வருஷமாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் முடிவைக் கேட்காமல் காதைப் பொத்தியபோதே தெரிந்திருக்குமோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே புத்தகத்தை, அவளுக்குத் தெரியாமல் நானும் எனக்குத் தெரியாமல் அவளும் படித்திருக்கிறோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "இன்னாங்க, அந்தக் காவல்காரன் தட்டுவானா மாட்டானா?" என்று அவள் கேட்டிருந்தால், அல்லது நான் கேட்டிருந்தால், எங்களுக்குப் பேச ஒரு வருஷத்துக்கு இருந்திருக்கும். இரண்டு வருஷமாக இதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தது ஏனென்றால், அவள் உனக்குத் தெரியாமல் என்னோடு மட்டும் வைத்துக்கொண்டது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் உனக்குக் கொடுத்துவிட்டாள். இதையும் உன்னிடம் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. நீ தண்ணீர் பாட்டிலைத் தேடியதைப் பார்த்த பிறகு வைத்திருக்கவும் முடியவில்லை.

ஜெனியோடு குடித்தனம் நடத்தப் போகிறாய். அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, தப்புச் செய்த தகுதி நிறைய இருக்கிறது. அவள் யாரோடாவது போனில் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் அப்பாவோடு, ஆபீஸ் சிநேகிதியோடு, நாளைக்கு உனக்கு ஒரு குழந்தை பிறந்தால் அதோடு. நீ உள்ளே வரும்போது அந்தச் சிரிப்பு நின்றுவிடும். அந்த நிமிஷத்தில் உனக்குள் ஒன்று எரியும், நீ என் பிள்ளை, எரியாமல் இருக்காது. கட்டிலுக்குப் போகாதே. போய் உட்கார். நாற்றம் அடிக்கிறது என்று சொன்னாலும் நகராமல் உட்கார். என்ன சிரிப்பு என்று கேள், சொல்லாவிட்டால் மறுபடியும் கேள். மானம் கொஞ்சம் போகும், போகட்டும். அதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் கொடி கட்டிப் பறக்கவில்லை.

கடைசியாகச் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். வண்டிக்காரன் குடிசை வாசலில் வந்து கூப்பிடுகிற இடத்தை அம்மா எப்படி வாசிப்பார்கள் என்று கூட்டத்தில் நடித்துக் காட்டினாய். "இன்னாபா, தூங்கினு கீறியா, இல்ல தூங்கற மாறி கீறியா? எய்ந்து வாபா, தண்ணி கீது." அதை அப்படியே அப்பா குரலில் சொல்வார்கள், தினமும் ஒரு தரமாவது சொல்வார்கள், கதையில் அந்த இடம் வராத நாளிலும் சொல்வார்கள், எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும் என்றாய். முதலில் எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. என்னைக் கேலி பண்ணித்தான் இரண்டு பேரும் சிரித்தீர்களா என்று போனை மூடிவிட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. பெட்டியைத் திறந்து புத்தகத்தை எடுத்துத் தேடினேன். ஏழு தரம் படித்தவனுக்குத் தேட வேண்டிய அவசியம் இல்லை, இருந்தாலும் தேடினேன். "வண்டிக்காரன் இருமுறை கூப்பிட்டான்" என்றுதான் அச்சில் இருக்கிறது. என்ன சொல்லிக் கூப்பிட்டான் என்று இல்லை. உன்னிடமும் ஒரு பிரதி இருக்கிறதே, நீ ஒரு தரம்கூடத் தேடிப் பார்க்கவில்லையா?

அந்த வரியை அவளாகப் போட்டாள். உள் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு பொய்த் தூக்கம் போடுகிறவனை, அவன் குரலிலேயே, தினமும் கூப்பிட்டிருக்கிறாள். பேன் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நீ சிரித்தது மட்டும் கேட்டது. நூறு பக்கமும் உனக்கு வாசித்தாள், வைத்துக்கொள், நான் பங்கு கேட்கவில்லை. அந்த ஒரு வரி மட்டும் உனக்கு வாசித்தது இல்லை, எனக்கு வாசித்தது. அதை இனிமேல் எந்தக் கூட்டத்திலும் சொல்லாதே.

ஒரே ஒரு இடத்தில் சொல். போன தரம் நீங்கள் இருவரும் சென்னீர்குப்பத்துக்குக் கிளம்பும்போது, "அப்பா தூங்கறாரு, எழுப்ப வேணாம்" என்று ஜெனியிடம் சொல்லிவிட்டு நீ செருப்பு மாட்டியது எனக்குக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வரும்போதும் நான் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாலும் படுத்திருப்பேன், அறுபது வருஷக் குணம், ஒரு கடிதத்தில் மாறாது. புத்தகத்தை மேஜைமேல் எடுத்து வைத்திருக்கிறேன். நீ வாசற்படியில் நின்று அந்த வரியைச் சொல்லிக் கூப்பிடு. பேனை நிறுத்தி வைத்திருப்பேன்.

அப்பா